ஜப்பான்காரர் விலையைக் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டுமா?

கேள்வி: நானும் அண்ணனும் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு சிறிய பட்டறை நடத்துகிறோம். அப்பா ஆரம்பித்தது. எங்களையும் சேர்த்து 14 பேர். உணவு பதப்படுத்தும் இயந்திரங்களுக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வு பாகங்களைக் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்து, தாய்லாந்தில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு ஒன்பது ஆண்டுகளாக அனுப்பி வருகிறோம். விலை அமெரிக்க டாலரில். போன மாதம் அவர்களிடமிருந்து ஒரு கடிதம். ஜப்பானில் ஒரு பட்டறை இதே பாகத்தை 8 சதவீதம் குறைவாகத் தருகிறதாம், அந்த விலைக்கு நாங்களும் வந்தால்தான் அடுத்த ஆண்டு ஒப்பந்தமாம். யென் இறங்கியதுதான் காரணம் என்கிறார்கள். எங்கள் நிகர லாபமே 11 சதவீதம்தான். அண்ணன் விலையைக் குறைத்துவிட்டு, ஊழியர்களின் ஓவர்டைமை வெட்டிச் சமாளிக்கலாம் என்கிறார். முடியாவிட்டால் மலேசியாவின் ஜோகூருக்கே போய்விடலாம் என்கிறார். ஜப்பான் தன் நாணயத்தை இறக்கிக்கொள்ளும்போது சிங்கப்பூர் மட்டும் ஏன் தன் நாணயமான வெள்ளியை இவ்வளவு பலமாக வைத்திருக்கிறது? எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? பழைய இயந்திரம் ஒன்றை வேறு மாற்ற வேண்டியிருக்கிறது.
— உட்லண்ட்ஸ் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் தாய்லாந்துக்கு எந்தப் புது விலையையும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். 8 சதவீதம் என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கும். ஆனால் 100 டாலர் பாகத்தில் உங்கள் கையில் நிற்பது 11 டாலர். அதில் 8 போனால் மிச்சம் 3. லாபத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கொடுத்துவிட்டு அதே வேலையைத்தான் செய்யப்போகிறீர்கள். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஸ்டீல், வெட்டும் கருவி, மின்சாரம், சரக்குக் கட்டணம் என்று ஒவ்வொரு பாகத்தோடும் சேர்ந்தே வரும் செலவு 65 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம், வாடகை, லாபம் எல்லாவற்றுக்கும் இப்போது மிஞ்சுவது 35. விலையைக் குறைத்த பிறகு அது 27. பழைய லாபத்தையே பார்க்க வேண்டுமானால் இன்னும் 30 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். அவர்கள் அவ்வளவு கூடுதல் ஆர்டர் தருவதாக எங்கும் சொல்லவில்லையே.

சரி, இப்போது யென்னுக்கு வருவோம். நான் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். யென்னை நாள்தோறும் பார்த்தே தலை நரைத்தது. 2012 கடைசியில் ஒரு அமெரிக்க டாலருக்கு 80 யென் சுமாருக்கு இருந்தது. (இந்த எண் ஏறினால் யென் இறங்குகிறது என்று பொருள்.) 2015 நடுவில் 120-ஐத் தாண்டியது. 2022 அக்டோபரில் 150-ஐத் தாண்டியது. 2024 ஜூலையில் 161 வரை போனது. நம் வெள்ளியை எடுத்துக்கொண்டால், 2012 கடைசியில் ஒரு வெள்ளிக்கு 65 யென் சுமாருக்குக் கிடைத்தது, 2024 நடுவில் 115-க்கும் மேலே கிடைத்தது. அந்தச் சமயத்தில் நம் ஊரிலிருந்து தோக்கியோவுக்குச் சுற்றுலா போகாத குடும்பம் இல்லை என்கிற அளவுக்கு ஆனது.

நீங்கள் "ஜப்பான் தன் நாணயத்தை இறக்கிக்கொள்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதிதான் சரி. 2013-ல் அவர்களுடைய மத்திய வங்கி பணத்தைத் தாராளமாக அச்சில் ஏற்றியபோது யென் இறங்குவதை அவர்கள் விரும்பத்தான் செய்தார்கள். 2022-க்குப் பிறகு நடந்தது வேறு. அமெரிக்கா வட்டியை ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை ஏற்றியது. ஜப்பானோ 2024 மார்ச் வரை வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழேயே வைத்திருந்தது. எங்கே வட்டி கிடைக்கிறதோ அங்கே பணம் ஓடும். யென்னை விற்று டாலர் வாங்கினார்கள், யென் சரிந்தது. கடைசியில் யென்னைத் தூக்கி நிறுத்த ஜப்பான் அரசே 2022-லும் 2024-லும் தன் கையிருப்பு டாலரை விற்க வேண்டியதாயிற்று. இறங்கியது போதும் என்று அவர்களுக்கே தோன்றிவிட்டது.

ஏன் தோன்றியது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

அந்த ஜப்பானியப் பட்டறையின் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். டாலருக்கு 110 யென் இருந்த காலத்தில் அவர் இதே பாகத்தை 100 டாலருக்கு விற்கிறார், அதாவது 11,000 யென். ஸ்டீலும் எரிசக்தியும் சேர்ந்து 45 டாலர். கூலி, வாடகை முதலிய உள்ளூர்ச் செலவு 40 டாலர், அதாவது 4,400 யென். லாபம் 15 டாலர், 1,650 யென். இப்போது யென் 150-க்கு இறங்குகிறது. ஸ்டீலில் உள்ள நிக்கல் உலகச் சந்தையில் டாலரில் விற்கிறது. ஜப்பானுக்கு எண்ணெயும் எரிவாயுவும் கப்பலில்தான் வருகின்றன, அவையும் டாலரில். ஆக அந்த 45 டாலர் செலவு 45 டாலராகவேதான் நிற்கிறது, யென்னில் 6,750 ஆகிவிடுகிறது. மாறாமல் இருப்பது உள்ளூர்ச் செலவான அந்த 4,400 யென் மட்டும். மொத்தச் செலவு 11,150 யென்.

பழைய 1,650 யென் லாபமே போதும் என்று அவர் நினைத்தால் விலையை 85 டாலர் வரை இறக்கலாம். நாணயம் இறங்கியது 27 சதவீதம், விலையில் இறக்க முடிந்தது 15 சதவீதம். மீதியை ஸ்டீலும் எரிசக்தியும் தின்றுவிட்டன. அவர் 8 சதவீதம் மட்டும் குறைத்து 92 டாலருக்கு விற்றால் கிடைப்பது 13,800 யென். லாபம் 2,650. முன்பு எடுத்ததைவிட 60 சதவீதம் அதிகம்!

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். உங்களிடம் 8 சதவீதம் கேட்கும் அந்த விலை ஜப்பான்காரருக்கு வலிக்கிற விலை இல்லை. நீங்கள் 8 குறைத்தால் அவரால் இன்னும் 4 குறைக்க முடியும். விலையில் அவரோடு மல்லுக்கட்டி உங்களால் ஜெயிக்க முடியாது. இது ஒன்று. இன்னொன்றை நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். நாணயம் இறங்கும்போது உலகச் சந்தையில் உண்மையாகவே மலிவாவது ஒன்றே ஒன்றுதான், அந்த நாட்டுத் தொழிலாளியின் உழைப்பு. ஸ்டீல் மலிவாவதில்லை, எண்ணெய் மலிவாவதில்லை, கோதுமை மலிவாவதில்லை. ஜப்பானில் விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் தொழிலாளியின் மாதச் சம்பளம் 2022 முதல் 2024 வரை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தது. உங்களுக்குப் போட்டியாக வந்திருக்கும் பட்டறையில் லேத் முன்னால் நிற்கும் மனிதர் அதே வேலையைத்தான் செய்கிறார், வீட்டுக்குக் கொண்டுபோகும் சம்பளத்தில் முன்பைவிடக் குறைவான அரிசிதான் வாங்குகிறார். அந்த வித்தியாசம்தான் உங்கள் கொட்டேஷனில் 8 சதவீதமாக வந்து நிற்கிறது.

ஒரு நாட்டின் நாணயம் விழும்போது போட்டி நாடுகளுக்கு என்ன ஆகும் என்பதை நம் வட்டாரம் ஏற்கெனவே ஒரு முறை பட்டு அறிந்திருக்கிறது. 1995 ஏப்ரலில் டாலருக்கு 80 யென் சுமாருக்கு இருந்த யென், 1998 ஆகஸ்ட்டில் 147 வரை இறங்கியது. அதற்கும் முன்னால், 1994 ஜனவரியில் சீனா தன் அதிகாரபூர்வ விகிதத்தை 5.8-லிருந்து 8.7 யுவானாக மாற்றியிருந்தது. தாய்லாந்தோ தன் நாணயமான பாட்டை டாலருக்கு 25-க்குப் பக்கத்தில் கட்டிவைத்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் விலையைக் குறைத்துவிட்ட தெருவில் ஒருவர் மட்டும் பழைய விலைப் பலகையை ஆணியடித்து வைத்திருந்ததுபோல ஆனது. 1996-ல் தாய்லாந்தின் ஏற்றுமதி வளர்ச்சி நின்றே போனது. அது மட்டுமே காரணம் இல்லை, டாலரில் வாங்கிய கடனும் நிலத்தில் போட்ட பணமும் பெரிய காரணங்கள். ஆனால் ஏற்றுமதி நின்றதும் அந்தக் கடனை எதைக் கொண்டு அடைப்பார்கள் என்ற சந்தேகம் சந்தைக்கு வந்துவிட்டது. 1997 ஜூலை 2-ல் பாட்டைக் கட்டவிழ்த்துவிட்டார்கள். பிறகு மலேசிய ரிங்கிட், இந்தோனேசிய ரூபியா, கொரிய வொன் என்று ஒவ்வொன்றாக விழுந்தன.

எல்லாருடைய நாணயமும் சேர்ந்து விழுந்ததே, ஏற்றுமதி பொங்கி வழிந்ததா? இல்லை. 1998-ல் டாலர் கணக்கில் இந்த நாடுகளின் ஏற்றுமதி சுருங்கியது. தேக்கா சந்தையில் மூன்று மீன்கடைகளும் ஒரே காலையில் விலையைக் குறைத்தால் எந்தக் கடைக்கும் கூட்டம் கூடாது, மூன்று பேர் கல்லாவும் இளைக்கும். அப்படித்தான். அந்தச் சமயத்தில் சீனா மட்டும் யுவானை இறக்கமாட்டோம் என்று பிடிவாதமாக நின்றது. இல்லாவிட்டால் இன்னொரு சுற்று ஓடியிருக்கும்.

பெரிய நிறுவனங்களின் கதையும் உங்களுக்குப் பயன்படும். 2013-ல் யென் இறங்கியதும், டொயோட்டா வண்டி விலையை வெட்டி கொரியாவின் ஹூண்டாயை நசுக்கிவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ஜப்பானின் ஏற்றுமதி எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. விலையை வெட்டுவதற்குப் பதிலாக லாபத்தைச் சேர்த்தார்கள். 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் டொயோட்டாவின் செயல்பாட்டு லாபம் 5 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. ஹூண்டாயின் நிகர லாபமோ 2012-க்குப் பிறகு ஆறு ஆண்டுகள் விடாமல் சரிந்தது. சீனச் சந்தையில் பட்ட அடியும் அதில் உண்டு. ஆனாலும் போட்டியாளர் சேர்த்துவைத்த லாபம் புதிய மாடலாக, புதிய ஆலையாக, நீண்ட உத்தரவாதமாக நாலைந்து ஆண்டு கழித்து எதிரே வந்து நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. எனக்கு உங்களைப் பற்றிக் கவலை அங்கேதான். இந்த ஆண்டின் 8 சதவீதத்தைவிட, அந்த ஜப்பானியப் பட்டறை கூடுதல் லாபத்தில் ஒரு புது ஐந்து அச்சு (5-axis) இயந்திரம் வாங்கிவிடுவதுதான் உங்களுக்குப் பெரிய ஆபத்து.

நம் வெள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள். நம் நாணய ஆணையம் 1981 முதல் வட்டியை வைத்து அல்ல, நாணய மாற்று விகிதத்தை வைத்துத்தான் விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. நாம் வாணிபம் செய்யும் நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையில் போட்டு, அந்தக் கூடைக்கு எதிராக வெள்ளியை ஒரு பட்டைக்குள் ஏறி இறங்க விடுகிறார்கள். பட்டையைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வைப்பதும், தேவைப்பட்டால் சாய்வைக் குறைப்பதும் அவர்கள் கையில். 2021 அக்டோபருக்கும் 2022 அக்டோபருக்கும் இடையே ஐந்து முறை இறுக்கினார்கள், அதாவது வெள்ளியை இன்னும் பலமாக ஏற விட்டார்கள். 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

ஏன் அப்படியே இறக்கிவிடக் கூடாது? நம் சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இறக்குமதியாகும் எரிவாயுவிலிருந்து வருகிறது. நாட்டின் மொத்த வாணிபம் மொத்த உற்பத்தியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வெள்ளியை 10 சதவீதம் இறக்கினால் உங்கள் ஸ்டீல் விலை வெள்ளியில் ஏறும், மின்கட்டணம் ஏறும், கொஞ்ச நாளில் கோப்பிக் கடையில் கோப்பி விலை ஏறும், பிறகு ஊழியர் சம்பளம் கூட்டிக் கேட்பார். கேட்காமல் எப்படி இருப்பார்? ஜப்பான் ஒரு பெரிய நாடு, உள்ளூரிலேயே பல பொருள் விளைகிறது. அவர்களுக்கே இறங்கியது போதும் என்றாகிவிட்டது. நமக்கு இன்னும் சீக்கிரமே போதுமென்றாகிவிடும்.

ஆனால் பலமான வெள்ளிக்கு விலை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த விலையை நானே கொடுத்திருக்கிறேன். 1985-ல் பொருளாதாரம் சுருங்கியபோது, 1986-ல் ஊழியரின் மத்திய சேம நிதிக் கணக்கில் முதலாளிகள் போடும் பங்கைச் சம்பளத்தில் 25 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். ஆசிய நெருக்கடியில் பக்கத்து நாணயங்கள் பாதாளத்துக்குப் போனபோது நம் வெள்ளியும் டாலருக்கு எதிராக இறங்கத்தான் செய்தது, ஒரு டாலருக்கு 1.43 வெள்ளி என்பது 1.70-க்கும் மேலே போனது. ஆனால் ரூபியாவோடும் ரிங்கிட்டோடும் ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. செலவைக் குறைக்க 1999 ஜனவரியிலிருந்து முதலாளிகளின் பங்கை 20-லிருந்து 10 ஆக்கினார்கள். அப்போது நான் புதிதாகக் கல்யாணம் ஆனவன். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுத் தவணை முழுவதும் சேம நிதியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அந்த ஜனவரிக்குப் பிறகு மாதாமாதம் கைக்காசு போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. என் மனைவி ஒரு நோட்டில் அந்தத் தொகையைத் தனியாக எழுதி வைத்தாள். ஜப்பானியத் தொழிலாளிக்கு யென் விழுந்ததால் நேர்ந்தது, எங்களுக்கு ஓர் அரசாணையால் நேர்ந்தது. நாணயத்தை இறக்கினாலும் சேம நிதியை இறக்கினாலும் கை வைப்பது ஒரே இடத்தில்தான். நம்முடையதில் அது எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கண்ணுக்குத் தெரிந்தது, அதனால்தான் தாங்கிக்கொண்டோம். வேலை போகாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை.

அந்த ஜப்பானிய கொட்டேஷனைப் பற்றி நாலு கேள்வி கேளுங்கள். எந்த நாணயத்தில் போட்டிருக்கிறார்கள்? எத்தனை மாதத்துக்குச் செல்லும்? ஒரு ஆர்டருக்குக் குறைந்தது எத்தனை துண்டு? அச்சு, பிடிப்புக் கருவி செய்யும் செலவு அந்த விலைக்குள் அடக்கமா, தனியா? முதல் கேள்வி ரொம்ப முக்கியம். உலக வாணிபத்தில் பெரும்பகுதிக்கு விலை போடுவது டாலரில்தான். அமெரிக்கா பக்கமே போகாத சரக்குக்கும் அப்படித்தான். மைசூரில் வளர்ந்து, பன்னாட்டுப் பண நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்த கீதா கோபிநாத் இதைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்து காட்டினார். டாலரில் விலை போட்டிருந்தால் யென் இறங்கியது தானாக வாங்குபவருக்குப் போய்ச் சேராது, விற்பவர் மனம்வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. கொடுத்ததை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். மாறாக, யென்னில் போட்டிருந்தால் அந்த 8 சதவீதம் யென் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. 2024 ஜூலை தொடக்கத்தில் 161-ல் இருந்த யென், ஆகஸ்ட் 5-க்குள் 142-க்கு வந்துவிட்டது. ஒரே மாதம்! உங்கள் வாடிக்கையாளரின் கொள்முதல் அதிகாரிக்கு அந்த மாதம் நினைவிருக்கும். நினைவில்லாவிட்டால் மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

அப்புறம், உங்கள் பட்டறையின் கணக்கையும் அதே மாதிரி ஒரு தாளில் எழுதுங்கள். இடது பக்கம் டாலரில் வருவது, போவது. வலது பக்கம் வெள்ளியில். 2025 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 1.36 வெள்ளி கிடைத்தது, ஆண்டின் நடுவில் 1.28-க்கு அருகே வந்தது. அதனால் உங்கள் 100 டாலர் பாகம் 136 வெள்ளியிலிருந்து 128 வெள்ளி ஆகிவிட்டது, யாரும் விலையைக் குறைக்கச் சொல்லாமலேயே. இது யென்னைவிட உங்களை அதிகம் கடித்திருக்கும். ஆனால் அதே வேகத்தில் ஸ்டீல் விலையும் வெள்ளியில் இறங்கியிருக்க வேண்டும். உங்கள் ஸ்டீல் வியாபாரி இறக்கினாரா? பலர் ஏறும்போது உடனே ஏற்றுவார்கள், இறங்கும்போது பழைய ஸ்டாக் என்பார்கள். வெள்ளியில் வாங்குவதை விட்டு டாலரில் விலை கேளுங்கள். டாலரில் வரும் பணத்தை ஒரு டாலர் கணக்கிலேயே வைத்து, அதிலிருந்து ஸ்டீலுக்குக் கொடுங்கள். வருவதும் போவதும் ஒரே நாணயமாக இருக்கும் பகுதிக்கு நாணயக் கவலையே கிடையாது, நாணயம் மாற்ற வங்கிக்குக் கட்டணமும் கிடையாது. சம்பளத்துக்கும் வாடகைக்கும் மாற்ற வேண்டிய டாலருக்கு மட்டும், உறுதியான ஆர்டர் கையில் இருக்கும் அளவுக்கு, விகிதத்தை இன்றே பூட்டிவைக்கும் மூன்று அல்லது ஆறு மாத முன்பேர ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு டாலர்கூட வேண்டாம். நாணயம் எங்கே போகும் என்று நான் 26 ஆண்டு பார்த்தும் சொல்லத் தெரியவில்லை, அண்ணனும் முயற்சி செய்ய வேண்டாம்.

ஒப்பந்தப் பேச்சில் விலையை விட்டுக்கொடுப்பதற்குப் பதில் வேறு ஒன்றை முன்வையுங்கள். நாணயம் ஒப்பந்த நாளின் விகிதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால், அதற்கு மேற்பட்டதை இரண்டு தரப்பும் பாதிப் பாதி ஏற்றுக்கொள்வது என்று ஒரு விதி. எந்த நாணயத்துக்கு எதிராக எந்த நாணயம் என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். இரண்டு பக்கமும் வேலை செய்யும் விதி என்பதால் அவர்கள் மறுக்கக் காரணம் இருக்காது. இதோடு கூட, ஒன்பது ஆண்டில் எத்தனை துண்டு அனுப்பினீர்கள், எத்தனை திரும்பி வந்தது, அவசரம் என்று கேட்டபோது எத்தனை நாளில் அனுப்பினீர்கள் என்ற கணக்கை எடுத்து மேசையில் வையுங்கள். சின்ன ஆர்டரை மூன்று வாரத்தில் முடித்துத் தருபவரும், பெரிய ஆர்டராகச் சேர்ந்த பிறகு கப்பல் ஏற்றுபவரும் ஒரே பொருளை விற்கவில்லை. ஏதாவது குறைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், அதிகம் நகரும் ஒன்றிரண்டு பாகத்துக்கு மட்டும், ஆர்டர் அளவைக் கூட்டினால் என்ற நிபந்தனையோடு, 2 அல்லது 3 சதவீதம். அதற்கு மேல் போக வேண்டாம்.

மாற்ற வேண்டிய இயந்திரம் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று எழுதவில்லை. பழகிய பட்டறை என்றால் பெரும்பாலும் ஜப்பான் இயந்திரமாகத்தான் இருக்கும். கொரியத் தொழிற்சாலைகள் யென் இறக்கத்தை இப்படித்தான் பயன்படுத்திக்கொண்டன. விற்பனையில் பட்ட அடியில் ஒரு பகுதியை, ஜப்பானிலிருந்து இயந்திரமும் உதிரிப்பாகமும் மலிவாக வாங்கி ஈடுகட்டின. உங்களைக் கடிக்கும் அதே யென்தான் உங்கள் அடுத்த இயந்திரத்தின் விலையையும் இறக்கி வைத்திருக்கிறது. யென்னிலேயே விலை கேளுங்கள். இங்குள்ள முகவர் வெள்ளியில் சொல்லும் விலையில் அந்த இறக்கம் முழுவதும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்குவது உறுதி என்றால் யென்னை இப்போதே வாங்கியோ முன்பேரத்தில் பூட்டியோ வையுங்கள். ஆனால் வட்டி குறைவு என்று யாராவது யென்னில் கடன் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்ன அந்த ஒரே மாதத்தில், யென்னில் கடன் வாங்கியவருக்கு அசல் 13 சதவீதம் ஏறியது. அந்த நாட்களில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை இன்னும் மறக்க முடியவில்லை.

ஜோகூரைப் பற்றி. ரிங்கிட் மலிவு என்பதற்காகப் போகாதீர்கள். 2024 பிப்ரவரியில் ரிங்கிட் டாலருக்கு 4.80 வரை விழுந்தது, ஆசிய நெருக்கடிக்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. அதைப் பார்த்து அவசரமாக இடம் பிடித்தவர்கள் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் ரிங்கிட் 4.20-க்கும் கீழே வந்து பலமாகிவிட்டது. பட்டறையைத் தூக்கிக்கொண்டு போவது பத்து ஆண்டுக் கணக்கு, நாணயம் பத்து வாரக் கணக்கு. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்த பிறகு அங்கே இடம், வரிச் சலுகை, ஆள் கிடைப்பது இவையெல்லாம் மாறி வருகின்றன. அவற்றுக்காகப் போவது வேறு. எடை கூடிய முதல்கட்ட வேலையை அங்கே செய்து, நுணுக்கமான கடைசிக்கட்ட வேலையையும் பரிசோதனையையும் உட்லண்ட்ஸில் வைத்துக்கொள்ளும் பட்டறைகள் இருக்கின்றன. ஜோகூர் கடற்பாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு அது யோசிக்கத் தகுந்த வழி. ரிங்கிட் ஒரு வெள்ளிக்கு 3 ஆனாலும் கணக்கு உதைக்காது என்றால் மட்டும் போங்கள்.

ஓவர்டைம் விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான். உங்களிடம் வேலை பார்ப்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இருக்கலாம். 2015 வாக்கில் ஒரு வெள்ளிக்கு 46, 47 ரூபாய் கிடைத்தது, இப்போது 60-க்கும் மேலே கிடைக்கிறது. அதனால் ஓவர்டைம் குறைந்தாலும் ஊரில் ரூபாய்க் கணக்கு பெரிதாகக் குறையாது என்று அண்ணன் நினைக்கலாம். ஊரிலும் விலைவாசி சும்மா நிற்கவில்லை. வேலை இல்லாமல் ஓவர்டைம் குறைந்தால் அது வேறு, யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அதே வேலையைக் குறைந்த கூலிக்கு வாங்குவது, ஜப்பானில் யென் செய்த வேலையை நீங்கள் கையால் செய்வது. ஆறு மாதத்தில் உங்கள் நல்ல ஆபரேட்டர் துவாஸில் வேறு வேலை பார்த்துவிடுவார். ஒன்பது ஆண்டாகத் திரும்பி வராத பாகங்கள் யார் கையில் செய்தவை என்று அண்ணனிடம் கேளுங்கள். அந்தக் கை போன பிறகு ஜப்பான்காரரின் விலைக்கு எதிரே வைக்க உங்களிடம் வேறு எதுவும் இல்லை.

கணக்கு எழுதிய அந்தத் தாளைப் பேச்சுக்குப் போவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். ஸ்டீல் வியாபாரியின் கடைசி மூன்று இன்வாய்ஸையும் சேர்த்து வையுங்கள்.